யார் கொடுத்த முகவரி?

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தொழிற்சாலை மோட்டார்களின் அதிர்வை அளந்து பதிவு செய்யும் கருவி எங்கள் தயாரிப்பு. உள்ளே ஒரு பழைய எக்ஸ்86 போர்டு, அதில் லினக்ஸ், கூடவே நாங்களே வடிவமைத்த ஒரு கார்டு. அந்தக் கார்டை இயக்கும் டிரைவர்தான் நான் கர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதிக்குள், எழுதிய முதல் நிரல். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒன்பதாவது மாதத்தில் இருந்து வாரத்துக்கு ஒருமுறை, சில வாரம் இரண்டு முறை, கருவி அப்படியே நின்றுபோகும். சீரியல் கன்சோலில், கர்னல் தனக்குள் பிழை கண்டால் தரும் ஊப்ஸ் செய்தியும் அதில் என் ஃபங்ஷனின் பெயரும் இருக்கும். டிரைவரில் யாரும் ஒரு வரிகூட மாற்றவில்லை. மாறியது மேலே ஓடும் அப்ளிகேஷன் மட்டும்தான்: ஒற்றை த்ரெட்டில், அதாவது ஒரே செயலோட்டமாக, ஓடிக்கொண்டிருந்ததை வேகத்துக்காக நாலு த்ரெட்டாகப் பிரித்திருந்தார்கள்.

மூன்று வாரம் தேடியும் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் குழுவில் கர்னல் வேலையில் நல்ல அனுபவம் உள்ள ஒரு அக்கா இருந்தார். அவர் என் ஐஆக்டில் ஃபங்ஷனை, அதாவது அப்ளிகேஷனின் கட்டளையை டிரைவர் வாங்கும் இடத்தை, மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார்.

“இந்த பாயிண்டர் எங்கிருந்து வருது?”

“அப்ளிகேஷன் குடுக்குதுக்கா.”

“அப்புறம் எப்படி நீ அதை நேரா தொடறே?”

“எட்டு மாசமா வேலை செஞ்சுதே அக்கா.”

“வேலை செய்யறது வேற. யார் குடுத்த முகவரி அதுன்னு மட்டும் பாரு.”

அன்று ராத்திரி ஆரம்பித்துப் படித்த விஷயம் இது. ஒரு கர்னல் யூசர் மெமரியை, அதாவது அப்ளிகேஷனின் மெமரியை, தொடுவது என்பது வெறும் ஒரு காப்பி வேலை என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு காப்பிக்குள் ஐம்பது வருட யோசனை இருக்கிறது. இதை முழுசாகத் தமிழில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், நான் செய்த தப்பு ஏன் எட்டு மாதம் வேலை செய்தது என்று பார்ப்போம். 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்குத் தெரியும் முகவரி வெளி இரண்டாகப் பிரிந்திருக்கும். வழக்கமான அமைப்பில் கீழ்ப் பாதியில் 128 டெராபைட் யூசருக்கு. மேல் பாதி கர்னலுக்கு. நடுவில் யாருமே பயன்படுத்த முடியாத ஒரு பெரிய பள்ளம். அப்ளிகேஷன் ஒரு சிஸ்டம் கால் செய்யும்போது, அதாவது கர்னலிடம் ஒரு வேலை கேட்கும்போது, சிபியு கர்னல் மோடுக்கு மாறுகிறது, ஆனால் அந்த ப்ராசஸின் கீழ்ப் பாதி அங்கேயேதான் இருக்கிறது. அதனால் அப்ளிகேஷன் ஒரு எண்ணைக் கொடுத்து “இங்கே என் ஸ்ட்ரக்ட் (டேட்டா தொகுப்பு) இருக்கிறது” என்றால், கர்னல் அந்த எண்ணை நேராக பாயிண்டராக வைத்துப் படித்தாலும் சரியான டேட்டா வந்துவிடும். பழைய சிபியு எதுவும் தடுக்காது. கம்பைலரும் எச்சரிக்காது, ஏனென்றால் சி மொழிக்கு எல்லா பாயிண்டரும் ஒன்றுதான்.

ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மெமரி பேஜ் என்ற சிறு துண்டுகளாகத்தான் கையாளப்படுகிறது; அந்த பேஜ் ரேமில் இருக்கலாம். ஸ்வாப்புக்கு, அதாவது டிஸ்குக்கு, போயிருக்கலாம். மால்லாக் செய்து (இடம் கேட்டு வாங்கி) இன்னும் ஒருமுறைகூடத் தொடாததால் பிறக்கவே இல்லாமல் இருக்கலாம். அந்த முகவரியில் எதுவுமே இல்லாமல் இருக்கலாம். எல்லாவற்றையும் விட மோசம், அந்த எண் மேல் பாதியில், அதாவது கர்னலின் சொந்த வீட்டுக்குள் இருக்கலாம். அப்ளிகேஷனால் அங்கே எட்ட முடியாது. ஆனால் அந்த முகவரியை கர்னலிடம் கொடுத்து “இதில் எழுது” என்று கேட்க முடியும். கர்னலுக்கு எல்லா அதிகாரமும் உண்டு, எழுதிவிடும். ஒரு சாதாரணப் பயனர் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர், ஆவதற்கு அது போதும்.

என் கதையில் நடந்தது இதில் நடுவாந்தரமான ஒன்று. பேஜ் ரேமில் இல்லாதபோது சிபியு பேஜ் ஃபால்ட் எழுப்பும், லினக்ஸின் ஃபால்ட் ஹேண்ட்லர் அந்த பேஜைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்ற இடத்திலிருந்து தொடரச் சொல்லும். கர்னல் மோடில் யூசர் முகவரியைத் தொட்டு ஃபால்ட் ஆனாலும் பெரும்பாலும் இதே வழிதான், ஆகவே என் தப்பான நிரலுக்கும் அது உதவிக்கொண்டிருந்தது. ஆனால் பேஜைக் கொண்டுவர அந்த ப்ராசஸின் மெமரி வரைபடத்தைக் காக்கும் பூட்டு தேவை. இன்னொரு த்ரெட் அந்த நேரத்தில் எம்மேப் செய்து அந்த வரைபடத்தை மாற்றிக்கொண்டிருந்தால் பூட்டு உடனே கிடைக்காது. அப்போது ஹேண்ட்லர் ஒரு கேள்வி கேட்கிறது: ஃபால்ட் ஆன இந்த கர்னல் இன்ஸ்ட்ரக்ஷன், யூசர் மெமரியைத் தொடுவதற்கென்று பதிவு செய்யப்பட்டதா? ஆம் என்றால் பூட்டுக்காகக் காத்திருக்கும். இல்லை என்றால், கர்னலே அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு எங்கோ தப்பான இடத்தில் விழுந்திருக்கலாம், காத்திருந்தால் ஒருபோதும் விடியாது என்று முடிவு செய்து ஊப்ஸ் அடித்துவிடும். ஒற்றை த்ரெட்டில் அந்தப் பூட்டுக்குப் போட்டி கிடையாது. நாலு த்ரெட் வந்ததும் வாரத்துக்கு ஒருமுறை அந்த இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்தன. ஹேண்ட்லர் செய்தது முழுக்கச் சரி. பதிவு செய்யாத வழியில் உள்ளே போனவன் நான்.

அது என்ன பதிவு? இந்த இடத்தில்தான் எனக்கு இந்த விஷயம் பிடித்துப்போனது.

ஒரு புதியவரிடம் “யூசர் கொடுத்த முகவரியை எப்படிப் பாதுகாப்பாகப் படிப்பாய்” என்று கேட்டால், “முதலில் அது சரியான முகவரியா என்று பார்ப்பேன், அப்புறம் படிப்பேன்” என்றுதான் சொல்வார். ஆழம் பார்த்துக் காலை விடு என்று நமக்குச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். லினக்ஸும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தது. வெரிஃபை_ஏரியா என்று ஒரு ஃபங்ஷன். ப்ராசஸின் மெமரி வரைபடத்தில் அந்த முகவரி இருக்கிறதா, எழுத அனுமதி உண்டா என்று போய்ப் பார்த்துவிட்டு வரும், அதற்கு அப்புறம்தான் காப்பி நடக்கும். அதிலும் 1985-இல் வந்த 80386 சிபியுவில் கூடுதல் தொல்லை ஒன்று இருந்தது. “இந்த பேஜ் படிக்க மட்டும்” என்று பேஜ் டேபிளில் குறித்து வைத்தாலும் கர்னல் மோடில் அந்தக் குறியை அது மதிக்காது, எழுதினால் எழுதிவிடும். ஆகவே 386-க்காக ஒவ்வொரு பேஜாகப் போய் எழுதலாமா என்று கையால் சோதிக்க வேண்டியிருந்தது. 486-இல் இன்டெல் இதற்கென ஒரு பிட் சேர்த்தது. 386-க்கான ஆதரவையே லினக்ஸ் 3.8 பதிப்பில், 2013 பிப்ரவரியில்தான் முழுசாக எடுத்தார்கள்.

இந்த முறையில் இரண்டு சிக்கல். ஒன்று, நேரம்: நிஜத்தில் வரும் முகவரிகளில் பெரும்பாலானவை நல்ல முகவரிகளே, ஆனாலும் ஒவ்வொரு ரீடுக்கும் ரைட்டுக்கும் இந்தச் சோதனைக்கான விலையைக் கொடுத்தாக வேண்டும். இரண்டாவதுதான் ஆழமானது. நான் ஆழம் பார்த்த நேரத்துக்கும் காலை விடும் நேரத்துக்கும் நடுவில் தண்ணீரின் ஆழம் மாறிவிடலாம். சோதித்து முடித்த அடுத்த கணம் வேறொரு த்ரெட் அந்தப் பகுதியை மன்மேப் செய்து எடுத்துவிட்டால், என் கையில் இருக்கும் “சரி” என்ற பதில் செல்லாக் காசு. கேள்வியிலும் பதிலிலும் தப்பில்லை. பதில் பழசாகிவிட்டது, அவ்வளவுதான்.

1996-இல், 2.1 வளர்ச்சி வரிசையில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த முறையைத் தலைகீழாக மாற்றினார். எப்படியும் சிபியுவின் மெமரி யூனிட் ஒவ்வொரு முகவரியையும் சோதிக்கத்தானே செய்கிறது? அதையே சோதிக்கவிடு. நீ போய்ப் பார்க்காதே, நேராகக் காப்பி செய். விழுந்தால் எழுவதற்கு மட்டும் தயாராக இரு. கிணறு தூர்வார இறங்குபவர் உள்ளே மண் சரியுமா என்று மேலே நின்று சத்தியம் வாங்குவதில்லை, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிறார். அந்தக் கயிறுதான் எக்ஸெப்ஷன் டேபிள்.

அது வேலை செய்யும் விதம் இப்படி. கர்னலில் யூசர் மெமரியைத் தொடும் இன்ஸ்ட்ரக்ஷன்கள் எல்லாம் குறிப்பிட்ட சில ஃபங்ஷன்களுக்குள், மேக்ரோக்களுக்குள் மட்டும் இருக்கும்: காப்பி_ஃப்ரம்_யூசர், காப்பி_டு_யூசர், கெட்_யூசர், புட்_யூசர், இன்னும் சில. அப்படி ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கும் கம்பைல் ஆகும்போதே ஒரு தனிப் பகுதியில் ஒரு வரி எழுதப்படும்: “இந்த இடத்தில் ஃபால்ட் ஆனால், அந்த இடத்துக்குப் போ.” கர்னல் கட்டப்படும்போதே அந்தப் பட்டியலை வரிசைப்படுத்தி வைத்துவிடுகிறார்கள், பைனரி சர்ச்சுக்கு வசதியாக. ஓடும்போது நல்ல முகவரி வந்தால் இந்தப் பட்டியலை யாரும் தொடுவதே இல்லை. அதாவது வழக்கமான பாதையில் வரைபடத்தைப் பார்க்கும் செலவு பூஜ்யம். மோசமான முகவரி வந்தால் ஃபால்ட் ஹேண்ட்லர் முதலில் நேர்மையாக பேஜைக் கொண்டுவர முயற்சிக்கும். அங்கே எதுவுமே இல்லை என்று தெரிந்தால், விழுந்த இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரியைப் பட்டியலில் தேடும். இருந்தால், சிபியு திரும்பிப் போகவேண்டிய முகவரியை மாற்றி எழுதிவிட்டுத் திரும்பும். காப்பி செய்துகொண்டிருந்த ஃபங்ஷனுக்குத் தான் விழுந்ததே தெரியாது, கண் திறந்து பார்த்தால் வேறு இடத்தில் இருக்கும், அந்த இடம் “இத்தனை பைட் காப்பி ஆகவில்லை” என்று கணக்குச் சொல்லும். பட்டியலில் இல்லையென்றால் அது கர்னலின் உண்மையான பிழை, ஊப்ஸ்.

இதைப் படித்து முடித்த பிறகு பழைய யூனிக்ஸ் நிரலைத் தேடிப் போனேன். 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், பிடிபி-11 கணினிக்கான அசெம்ப்ளியில் இதே யோசனை இருக்கிறது. யூசரிடமிருந்து ஒரு சொல்லைப் படிக்கும் முன் நோஃபால்ட் என்ற ஒரு வேரியபிளில் “விழுந்தால் இங்கே வா” என்று ஒரு முகவரியைப் போட்டு வைக்கிறார்கள். டிராப் வந்தால் ஹேண்ட்லர் முதலில் அதைப் பார்க்கிறது. படிப்பதற்கும் தனி இன்ஸ்ட்ரக்ஷன்: முந்தைய மோடின் முகவரி வெளியிலிருந்து எடு என்று சிபியுவிடமே சொல்லும் எம்எஃப்பிஐ. சாதாரண மூவ் போட்டால் கர்னலின் மெமரிதான் வரும், யூசருடையது வராது. என் தப்பை அந்த இயந்திரத்தில் செய்திருந்தால் எட்டு மாதம் எல்லாம் ஓடியிருக்காது, முதல் நிமிடத்திலேயே குப்பை டேட்டா வந்திருக்கும். பிடிபி-11-இல் ஒரு வேரியபிள், 1996 லினக்ஸில் ஒரு பட்டியல். இடையில் இருப்பது இருபத்தியொரு வருடம்.

சரி, இப்போது காப்பி_ஃப்ரம்_யூசர் ஒருமுறை நடப்பதைப் பார்க்கலாம். முதலில், இது தூங்கக்கூடிய வேலை என்று குறித்துக்கொள்ளும். பேஜ் டிஸ்கிலிருந்து வரவேண்டியிருக்கலாம், ஆகவே ஸ்பின்லாக் (பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாத பூட்டு) பிடித்துக்கொண்டோ இன்டரப்ட்டுக்குள்ளிருந்தோ இதைக் கூப்பிடக் கூடாது. அடுத்து ஆக்சஸ்_ஓகே: முகவரியும் நீளமும் யூசர் பாதிக்குள் அடங்குகிறதா. அப்புறம் காப்பி. பாதியில் விழுந்தால், காப்பி ஆகாத மிச்ச இடத்தை கர்னல் பஃபரில் பூஜ்யத்தால் நிரப்பிவிடும், அழைத்தவர் பிழையைக் கவனிக்காமல் விட்டாலும் பழைய கர்னல் டேட்டா அதில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. கடைசியில் திருப்பித் தருவது, காப்பி ஆகாத பைட்டுகளின் எண்ணிக்கை. எல்லாம் நல்லபடி முடிந்தால் பூஜ்யம். இதைப் பலர் பிழை எண் என்று நினைத்து அப்படியே யூசருக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்போது பத்து பைட் காப்பி ஆகாமல் போனால் அப்ளிகேஷனுக்குப் பத்து என்று பதில் போகும், பத்து என்றால் பெரும்பாலான சிஸ்டம் காலில் வெற்றி என்று பொருள். பூஜ்யம் இல்லையென்றால் மைனஸ் ஈஃபால்ட் என்று நாமே சொல்ல வேண்டும். யூசர் பக்கம் அது “பேட் அட்ரஸ்” என்று தெரியும்.

ஆக்சஸ்_ஓகே பற்றி எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. ஆழம் பார்ப்பதையே விட்டுவிட்டோம் என்றார்களே, அப்புறம் ஏன் இந்த ஒரு சோதனை மட்டும் மிச்சம்? ரொம்ப நாள் கழித்துத்தான் பதில் பிடிபட்டது. “இந்த முகவரியில் பேஜ் இருக்கிறதா” என்பது உலகத்தைப் பற்றிய கேள்வி, அந்த உலகத்தை இன்னொரு த்ரெட் மாற்றிக்கொண்டே இருக்கும். “இந்த எண் அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறதா” என்பது எண்ணைப் பற்றிய கேள்வி மட்டும். எண் என் ரெஜிஸ்டரில் இருக்கிறது, எல்லை மாறாது, அதனால் பதிலும் பழசாகாது. தவிர, கயிறு இங்கே உதவவும் உதவாது: கர்னல் பாதியில் உள்ள முகவரியைக் கொடுத்தால் அங்கே உண்மையில் மெமரி இருக்கிறது, கர்னலுக்கு அனுமதியும் இருக்கிறது, ஃபால்ட் ஆகவே ஆகாது. விழாத இடத்தில் கயிறு இருந்து என்ன பயன். ஆகவே வெரிஃபை_ஏரியாவில் இருந்த வேலைகளில் பழசாகக்கூடிய பகுதியை வன்பொருளிடம் கொடுத்துவிட்டு, பழசாகாத பகுதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். நான் பார்த்த பொறியியல் முடிவுகளிலேயே இது அழகானது.

அந்த ஒரே ஒரு ஒப்பீடு விட்டுப்போன இடங்களில் எல்லாம் ஓட்டை விழுந்திருக்கிறது. 2008 பிப்ரவரியில் விஎம்ஸ்ப்ளைஸ் சிஸ்டம் காலில் அது இல்லை என்று தெரியவந்தது, 2.6.17 முதல் 2.6.24.1 வரை எல்லாப் பதிப்பிலும் சாதாரணப் பயனர் ரூட் ஆக முடிந்தது. ஆர்ம் வி7 சிபியுவுக்கான கர்னலில் கெட்_யூசர், புட்_யூசர் இரண்டும் முகவரி எல்லையைச் சோதிக்காமலே இருந்தன. 2013-இல் ஆண்ட்ராய்டு போன்களை உடைக்க இதைப் பயன்படுத்தினார்கள், பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் இதன் எண் சிவிஇ-2013-6282.

2010-இல் வந்தது இன்னும் நுட்பமானது. கர்னலுக்குள்ளேயே சில நேரம் கர்னல் பஃபரைக் கொடுத்து ரீட், ரைட் ஃபங்ஷன்களை அழைக்க வேண்டியிருக்கும், அவையோ யூசர் முகவரியைத்தான் எதிர்பார்க்கும். அதற்காக செட்_எஃப்எஸ் என்று ஒரு வழி இருந்தது. எல்லையைத் தற்காலிகமாக உயர்த்தி கர்னல் முகவரியையும் சரி என்று சொல்லவைப்பது. அதாவது மாறாத எல்லையை மாறுவதாக ஆக்கிவிட்டார்கள். நெல்சன் எல்ஹேஜ் கண்டுபிடித்தது இதைத்தான்: எல்லை உயர்ந்திருக்கும் நேரத்தில் கர்னல் ஊப்ஸ் ஆகி அந்த ப்ராசஸைக் கொன்றால், உயர்ந்த எல்லை அப்படியே நிற்கும். சாகும் ப்ராசஸ் கடைசியாக ஒரு முகவரியில் பூஜ்யம் எழுதிவிட்டுப் போகும் வழக்கம் உண்டு, தன் த்ரெட் முடிந்ததைத் தெரிவிக்க. அந்த முகவரியைத் தேர்ந்தெடுப்பது யூசர். விளைவு, கர்னல் மெமரியில் விரும்பிய இடத்தில் பூஜ்யம். செட்_எஃப்எஸ்-ஐ ஒழிக்க கிறிஸ்டோஃப் ஹெல்விக் பல வருடம் உழைத்தார்; 2020 டிசம்பரில் வந்த 5.10-இல் எக்ஸ்86-இலிருந்து போனது, 2022 மே மாதம் 5.18-இல் ஆர்ண்ட் பெர்க்மன் கை வைத்து எல்லா வகை சிபியுவிலிருந்தும் போனது. யார் பெயரும் செய்தியில் வராத வேலை அது. ஒவ்வொரு இடமாகப் போய் எல்லையை உயர்த்தும் தேவையையே இல்லாமல் செய்வது.

என் டிரைவருக்குத் திரும்புகிறேன். ஊப்ஸ் காரணம் தெரிந்ததும் காப்பி_ஃப்ரம்_யூசர் போட்டேன், நின்றுபோவது நின்றது. ஆனால் அதே டிரைவரில் வேறொரு மூலையில் அரிதாகவே பயன்படும் ஒரு ஐஆக்டிலில் நேரடி பாயிண்டர் ஒன்று மிச்சம் இருந்தது எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் புதிய போர்டுக்கு மாறியபோது, அந்த ஐஆக்டிலை முதல்முறை கூப்பிட்ட உடனே கர்னல் விழுந்தது. பேஜ் ரேமில் இருந்தது, பூட்டுக்குப் போட்டி இல்லை, முகவரியும் சரியானது. ஆனாலும் அனுமதி மீறல் என்றது சிபியு.

அது ஸ்மேப். இன்டெல் பிராட்வெல் சிபியுவோடு 2014-இல் வந்த வசதி. லினக்ஸில் அதற்கான நிரலை எச். பீட்டர் ஆன்வின் முன்கூட்டியே 2012-இல் 3.7 பதிப்புக்கு எழுதிவிட்டார். ஸ்மேப் இருக்கும் சிபியுவில் கர்னல் மோடில் யூசர் பேஜைத் தொட்டாலே ஃபால்ட், வெளிப்படையாக ஒரு கொடியை ஏற்றினால் ஒழிய. ஏற்ற ஸ்டாக், இறக்க க்ளாக் என்று இரண்டு இன்ஸ்ட்ரக்ஷன். காப்பி_ஃப்ரம்_யூசர் காப்பிக்கு முன் கதவைத் திறந்து, முடிந்ததும் மூடிவிடும். மற்ற நேரமெல்லாம் கதவு மூடியே இருக்கும். ஆர்ம் 64 பிட்டில் இதற்கு பேன் என்று பெயர். இப்படி ஒரு சுவர் முன்பும் இருந்தது: பழைய லினக்ஸ் 2.0-இல், கர்னல் செக்மென்ட்டின் (மெமரிப் பிரிவின்) அடித்தளமே 3 ஜிபியில் இருந்ததால் யூசர் பாயிண்டரை நேராகத் தொட முடியாது, எஃப்எஸ் ரெஜிஸ்டர் வழியாகத்தான் போகவேண்டும். செட்_எஃப்எஸ் என்ற பெயரே அங்கிருந்து வந்தது. 2.1-இல் வேகத்துக்காக செக்மென்ட்களைத் தட்டையாக்கியபோது அந்தச் சுவர் போய்விட்டது. பல வருடம் கழித்து வன்பொருளில் மறுபடியும் கட்டினார்கள். நடுவில் இருந்த சுவரில்லாக் காலத்து போர்டில்தான் என் எட்டு மாதம் ஓடியது.

சுவருக்கும் ஒரு விலை உண்டு. ஸ்டாக், க்ளாக் இரண்டும் இலவசம் இல்லை. ஒரு ஸ்ட்ரக்டில் ஆறு புலங்களை ஒவ்வொன்றாக புட்_யூசர் செய்தால் ஆறு முறை கதவு திறந்து மூட வேண்டும். அதனால் ஒருமுறை திறந்து, எல்லாவற்றையும் எழுதி, ஒருமுறை மூடும் வழியைச் சேர்த்தார்கள். உள்ளே எழுதும் மேக்ரோவின் பெயரே அன்சேஃப்_புட்_யூசர், எல்லைச் சோதனை செய்யாது, நீ முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையோடு. 2017-இல் வெயிட்ஐடி சிஸ்டம் காலை இந்த வழிக்கு மாற்றியபோது அந்த முன்சோதனை விட்டுப்போனது. 4.13 வெளியாகிச் சுமார் ஒரு மாதத்தில் பிடிபட்டது, சிவிஇ-2017-5123. அதற்கு அப்புறம், 2019 ஜனவரியில் 5.0-க்காக லினஸ் கதவைத் திறக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே ஆக்சஸ்_ஓகே-யை வைத்துவிட்டார். இப்போது சோதிக்காமல் கதவைத் திறக்கவே முடியாது. நினைவில் வைத்துக்கொள் என்று சொல்வதற்குப் பதில் மறக்க முடியாதபடி செய்வது. எனக்கு இந்தத் திருத்தம் மிகவும் பிடிக்கும்.

முகவரியோடு விஷயம் முடியவில்லை. உள்ளே இருக்கும் டேட்டாவும் யூசருடையதுதான், அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். என் திருத்தத்தை அக்கா ரிவ்யூ செய்தபோது மறுபடியும் நிறுத்தினார். ஸ்ட்ரக்டின் முதல் புலம் நீளம். நான் அந்த நாலு பைட்டை மட்டும் முதலில் படித்து, 4096-க்குள் இருக்கிறதா என்று பார்த்து, அந்த அளவுக்கு இடம் ஒதுக்கி, பிறகு முழு ஸ்ட்ரக்டையும் மறுபடி காப்பி செய்தேன். அப்புறம் அந்த ஸ்ட்ரக்டில் இருந்த நீளத்தை வைத்து லூப் ஓட்டினேன்.

“ரெண்டு தடவை படிச்சிருக்கே. நடுவுல இன்னொரு த்ரெட் அந்த நீளத்தை மாத்திட்டா?”

சோதித்தது ஒரு எண், பயன்படுத்தியது வேறொரு எண். இதற்கு டபுள் ஃபெட்ச் என்று பெயர். விண்டோஸ் கர்னலில் மட்டேயுஸ் யுர்சிக், கின்வேல் கோல்ட்வின்ட் இருவரும் ஒரு எமுலேட்டருக்குள் கர்னலை ஓட்டி, ஒரே யூசர் முகவரியை இரண்டு முறை படிக்கும் இடங்களைப் பதிவு செய்து 2013-இல் டஜன் கணக்கில் இப்படிப் பிழைகளைக் காட்டினார்கள். விண்டோஸில் ப்ரோப்ஃபார்ரீட் செய்துவிட்டு எக்ஸெப்ஷன் பிடிக்கும் கட்டத்துக்குள் நேராக யூசர் பாயிண்டரையே படிக்கலாம் என்பதால், ஒரே புலத்தை இரண்டு முறை படிப்பது கண்ணுக்கே தெரியாமல் நடந்துவிடும். காப்பி ஃபங்ஷன் கட்டாயமான லினக்ஸில் அது குறைவு, ஆனால் என் நிரலே சாட்சி, இல்லாமல் இல்லை.

நடுவில் இருக்கும் அந்த இடைவெளி மைக்ரோ வினாடிகள்தானே, யாரால் குறிபார்க்க முடியும் என்று நானும் கேட்டேன். 2015-இல் லினக்ஸ் 4.3-இல் யூசர்ஃபால்ட்எஃப்டி என்று ஒரு வசதி வந்தது. ஒரு பேஜ் ஃபால்ட்டை யூசர் நிரலே கையாளலாம், வர்ச்சுவல் மெஷின்களை ஓட ஓட இடம் மாற்றுவதற்காக. அதை வைத்து, கர்னல் காப்பி செய்யும் பஃபரின் இரண்டாவது பேஜை வேண்டுமென்றே இல்லாமல் வைத்தால், கர்னல் காப்பியின் நடுவில் அப்படியே நிற்கும், யூசர் விடும்வரை. மைக்ரோ வினாடி ஒரு மணி நேரமாகிவிடும். இதனால்தான் 5.11 முதல், ரூட் அல்லாதவர்கள் கர்னலுக்குள் நடக்கும் ஃபால்ட்டை இப்படிப் பிடித்துவைக்க முடியாதபடி இயல்புநிலையை மாற்றினார்கள். என் பிழைக்குத் தீர்வு எளிது: ஒருமுறை படி, கர்னல் பஃபரில் இருக்கும் அந்தப் பிரதியை மட்டும் நம்பு, யூசர் பக்கம் திரும்பிப் பார்க்காதே.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பழசாகாத பதில் என்று மேலே சொன்னேனே, ஆக்சஸ்_ஓகே, அதையும் 2018 ஜனவரி ஆட்டிப்பார்த்தது. ஸ்பெக்டர் என்ற சிபியு ஓட்டை. சிபியு ஒரு ஒப்பீட்டின் முடிவு வரும்வரை காத்திருக்காது; எப்போதும் போல் சரியாகத்தான் இருக்கும் என்று ஊகித்து அடுத்த வரிகளை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும். ஊகம் தப்பானால் முடிவுகளை அழித்துவிடும், ஆனால் கேஷில் (சிபியுவின் வேக நினைவகத்தில்) பட்ட தடம் அழியாது. ஆகவே எல்லை மீறிய முகவரியை “இல்லை” என்று சொல்லி முடிக்கும் முன்பே அதன் டேட்டா உள்ளே தொடப்பட்டிருக்கும். பதில் பழசாகவில்லை, வருவதற்கு முன்பே சிபியு கிளம்பிவிட்டது. முதலில் ஆக்சஸ்_ஓகே-க்குப் பிறகு ஒரு தடுப்பு இன்ஸ்ட்ரக்ஷன் போட்டார்கள், அது மெதுவானது. கெட்_யூசரில் வேறு வழி: கேட்டு முடிவெடுக்காமல், எல்லை மீறிய முகவரியைக் கணக்கின் மூலமே உபயோகமற்ற முகவரியாக மாற்றிவிடுவது. கிளை இல்லை, ஆகவே ஊகிக்க எதுவும் இல்லை. அந்த வழியையே எக்ஸ்86-இல் இன்னும் பல இடங்களுக்கு லினஸ் 2024-இல் விரித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் செய் என்பதில் மிச்சமிருந்த கடைசித் துண்டையும், கேட்காமலே தப்பு நடக்க முடியாதபடி செய் என்று மாற்றுகிறார்கள்.

இப்போது நான் வேறு இடத்தில் இருக்கிறேன். கர்னல் நிரல் எழுதினால் ஸ்பார்ஸ் ஓட்டாமல் அனுப்புவதில்லை. 2003-இல் லினஸ் எழுதிய கருவி, யூசர் என்று குறியிட்ட பாயிண்டரை நேராகத் தொட்டால் அந்த வரியைச் சுட்டிக்காட்டும். என் முதல் டிரைவரில் அந்தக் குறியை நான் போடவே இல்லை, போட்டிருந்தால் ஒரு மேக் கட்டளையில் இரண்டு இடமும் வெளியே வந்திருக்கும். போன மாதம் அதே டிரைவரைப் பயிற்சிக்காக ரஸ்ட் மொழியில் எழுதிப்பார்த்தேன். அங்கே யூசர் மெமரி யூசர்ஸ்லைஸ் என்ற ஒரு டைப்பாக வருகிறது, அதிலிருந்து ஒரு ரீடர். நாலு பைட் நீளத்தைப் படித்ததும் ரீடர் நாலு பைட் முன்னால் நகர்ந்துவிடுகிறது; அதே நீளத்தை மறுபடி படிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே திட்டமிட்டு இன்னொரு ரீடரை எடுத்து வைத்திருக்க வேண்டும். என் பழைய லூப்பை அப்படியே எழுதப் பார்த்தேன், கையில் இருந்த ரீடர் ஏற்கனவே அந்த இடத்தைத் தாண்டியிருந்தது. அந்தத் திரையைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.